பலகைக்கு எதிர்ப்புறம்

சதுரங்கம் ஆடுகிறவனுக்கு முதலாவதாக வேண்டியது எதிரே உட்கார ஓர் ஆள். பலகையும் காய்களும் அவகாசமும் எப்படியாவது சேர்ந்துவிடும். ஆள் சேர்வதுதான் அரிது. வந்து உட்காருகிறவர் விதிகளை அறிந்தவராக இருந்தால் மட்டும் போதாது; நம்மைவிட மிக வல்லவராக இருந்தால் ஆட்டம் பத்து நிமிஷத்தில் தண்டனையாக முடிந்துவிடும், மிகக் குறைந்தவராக இருந்தாலோ அது தர்ம காரியமாகிவிடும்; வலிமையில் ஏறக்குறைய நமக்குச் சமானமாகவும் சுபாவத்தில் நம்மினின்றும் வேறாகவும் உள்ள ஒருவர் நாள்தோறும் கிடைப்பது, நல்ல இடத்தில் சம்பந்தம் அமைவதைப்போல, பாதி நம் முயற்சியும் பாதி ஊழும் சேர்ந்து நடக்கிற காரியம்.

எங்கள் செட்டிநாட்டில் அந்தப் பாக்கியம் ஒரு காலத்தில் வெகு சுலபமாக வாய்த்திருந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போய், யுத்தத்தோடு தொழிலை இழந்தோ கணக்கை முடித்துக்கொண்டோ ஊர் திரும்பியிருந்த பெரியவர்களை என் பிள்ளைப் பிராயத்தில் காரைக்குடியில் தெருவுக்குத் தெரு காணலாம். பிற்பகலில் வெயில் சற்றுத் தாழ்ந்ததும் அவர்களில் இருவர் முகப்புத் திண்ணையில் பலகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்களானால், விளக்கு வைத்த பிறகு ஆச்சி உள்ளேயிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிடும் வரையில் எழுந்திருக்க மாட்டார்கள். அவர்கள் ஆடியது இன்று உலகம் ஆடுகிற ஆட்டமன்று. சிப்பாய் முதல் தடவையும் ஒரே கட்டம்தான் போகும். ராஜா, ஒரு முறையேனும் செக் வாங்காமல் இருந்தால், ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரையைப்போல் தாவிக்கொள்ளலாம். அந்தப் பழைய விதிகளை நம் நாட்டவர் கைவிட்டுச் சர்வதேச விதிகளின்படி ஆடப் பழகியதற்குப் பெரிதும் காரணமாயிருந்தவர் மானுவல் ஆரன். அவரும் பர்மாவோடு தொடர்புடையவரே; 1935-ஆம் ஆண்டு அங்கே டவுங்கூ என்ற ஊரில் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்து, 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். பின்னாளில் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் அவர் தொடங்கிவைத்த தால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவன் விசுவநாதன் ஆனந்த் பலகையின்முன் உட்கார்ந்து கைதேர்ந்தான் என்பதை நினைத்தால், ஒரு நல்ல எதிராளியை மட்டுமன்றி, நல்ல எதிராளிகள் கூடும் ஓர் இடத்தையும் உண்டாக்குவது எத்தனை பெரிய காரியம் என்பது விளங்கும்.

இப்போது எங்கள் ஊர்களில் வீடுகள் இருக்கின்றன. பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கற்களும் பட்டாலையின் குளிர்ச்சியும் அப்படியே இருக்கின்றன. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். என் போன்ற முதியவர்கள், நாலு கட்டு வீட்டில் இரண்டு அறைகளை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கும் படைப்புக்கும் கூட்டம் சேரும் நாட்களை எதிர்பார்த்திருக்கிறோம். இந்த நிலைமையில்தான் என் பேரன் சிங்கப்பூரிலிருந்து ஒரு மின்னணுச் சதுரங்கப் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தான். "ஐயா, செல்போனைப் பாத்துப் பாத்துக் கண்ணைக் கெடுத்துக்காதீங்க. இதுல நெசக் காயை நகத்தலாம். அதுவே பதில் சொல்லும்" என்றான்.

அந்தப் பலகையைப் பற்றிச் சிறிது விஸ்தாரமாகச் சொல்வதில் எனக்குச் சந்தோஷம் உண்டு. பார்வைக்கு அது சாதாரண மரப்பலகை. ஆனால் காய்களின் அடியிலும் கட்டங்களின் கீழும் ஒன்றையொன்று உணரும் ஏற்பாடு மறைந்திருக்கிறது. சில வகைகளில் காந்தமும் அதற்கு இசையும் சுவிட்சும் இருக்கும். நெதர்லாந்தின் டிஜிடி நிறுவனத்தார் செய்யும் பலகைகளில், ஒவ்வொரு காய்க்குள்ளும் ஒரு சிறு கம்பிச்சுருள் வைத்து, ராஜாவுக்கு ஓர் அதிர்வெண், யானைக்கு ஓர் அதிர்வெண் என்று பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்தக் காய் நிற்கிறது என்பதைப் பலகை தானே அறிந்துகொள்ளும்படி செய்திருக்கிறார்கள். பெரிய பந்தயங்களின் ஆட்டங்கள் நகர்த்தல் நகர்த்தலாக உலகமெங்கும் தெரிவதெல்லாம் இவ்வகைப் பலகைகளின் உபகாரமே. என்னிடம் உள்ளதில், நான் குதிரையைத் தூக்கியதும் அது நின்ற கட்டத்தின் மூலைகளில் சிறு சிவப்பு விளக்குகள் எரியும், வைத்ததும் அணையும், பிறகு யந்திரம் தான் நகர்த்த விரும்பும் காயின் கட்டத்திலும் அது போய்ச் சேரவேண்டிய கட்டத்திலும் விளக்கு ஏற்றிக் காட்டும், நான்தான் அதன் கையாகவும் இருந்து அந்தக் காயை எடுத்துவைக்க வேண்டும். இதற்கும் மேலே ஒருபடி போய், மும்பையைச் சேர்ந்த இரண்டு இளம் பொறியாளர்கள், 'ஸ்கொயர் ஆஃப்' என்ற பெயரில், பலகைக்கு அடியில் ஒரு காந்தக் கரம் ஊர்ந்து காய்களைத் தானே நகர்த்தும்படியான யந்திரத்தைச் செய்து, 2016-இல் உலகத்தாரிடம் முன்பணம் திரட்டித் தயாரித்தார்கள். கண் தெரியாதவர்கள் ஆடுவதற்கென்று முதலில் எண்ணித் தொடங்கிய முயற்சி அது என்று அறிந்தபோது அதன்மீது எனக்குத் தனி மரியாதை உண்டாயிற்று.

பலகை இவ்வளவு சிறப்பாக அமைந்துவிட்டது. அதன் எதிர்ப்புறத்தில் உட்காருவது யார் என்பதுதான் விஷயம்.

யந்திரத்தின் வல்லமையைப் பற்றி இனி யாருக்கும் சந்தேகம் இல்லை. 1997-ஆம் ஆண்டு மே மாதத்தில், விநாடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் டீப் புளூ என்ற கணினி உலக சாம்பியன் காஸ்பரோவை வென்றது. இன்று கைப்பேசியில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் நிரலோ அதைவிட எவ்வளவோ வலியது. அத்தகைய ஒன்றுடன் நான் ஆடுவதில் அதற்கும் பிரயோஜனம் இல்லை, எனக்கும் இல்லை. ஆகையால் எல்லா யந்திரங்களிலும் பலத்தைக் குறைத்துக்கொள்ளப் படிகள் வைத்திருக்கிறார்கள். "உங்களுக்கு ஏத்த மாதிரி லெவலைக் குறைச்சுக்கலாம் ஐயா" என்று பேரனும் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

குறைத்து ஆடிப் பார்த்தபோதுதான், பலவீனம் வேறு, மனிதத்தன்மை வேறு என்பது எனக்குத் தெளிவாயிற்று. யந்திரத்தின் பலத்தைக் குறைப்பதற்கு வழக்கமாகக் கையாளும் வழிகள் இரண்டு மூன்றே. எத்தனை நகர்த்தல் முன்னோக்கிப் பார்க்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு கட்டுவது ஒன்று. யோசிக்கும் நேரத்தைச் சுருக்குவது மற்றொன்று. சிறந்த நாலைந்து நகர்த்தல்களைக் கண்டுபிடிக்கச் செய்து, அவற்றுள் தாழ்ந்ததை அவ்வப்போது தற்செயலாகப் பொறுக்கும்படி விடுவது இன்னொன்று. இதன் பலன் என்னவென்றால், பதினைந்து நகர்த்தல் வரையில் மாபெரும் மேதையைப்போல ஆடிக்கொண்டு வருகிற எதிராளி, பதினாறாவதில், யாரும் விரட்டாமல், எந்த ஆசையும் காட்டப்படாமல், தன் ராணியைக் கொண்டுவந்து என் சிப்பாயின் வாயில் வைத்துவிட்டு, அடுத்த நகர்த்தலிலிருந்து மறுபடியும் மேதையாகிவிடுகிறது. அந்த ராணியை எடுத்துக்கொண்டபோது எனக்கு ஜயித்த உணர்ச்சி உண்டாகவில்லை. யந்திரம் தவறவில்லை, தவறும்படி பணிக்கப்பட்டதை நிறைவேற்றியது, அதன் தவறுக்கும் அதன் எண்ணத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

மனிதருடைய தவறு அப்படிப்பட்டதன்று. எங்கள் தெருவில் ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. குதிரையின்மேல் அவருக்கு அபாரமான பற்று. பிஷப்பையும் யானையையும் தாராளமாகக் கொடுப்பார், குதிரையை மட்டும் மாற்றிக்கொள்ளவே மாட்டார். அதைக் காப்பாற்றுவதற்காக நாலு நகர்த்தல் பின்வாங்கி, அதற்குள் நடுப்பலகை முழுவதையும் எதிரிக்கு விட்டுவிடுவார். ராஜாவைக் கோட்டை கட்டி வைத்தபின் அதற்கு முன்னால் உள்ள மூன்று சிப்பாய்களையும் ஆட்டம் முடியும்வரை அசைப்பதில்லை என்பது அவருடைய விரதம். கதவைத் திறந்து வைத்தால் களவு போகும் என்பார். அந்த மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால், ஓடுவதற்கு ஒரு கட்டம்கூட இல்லாமல், கடைசி வரிசையில் யானை வந்து நின்று ராஜா மேட் ஆன ஆட்டங்கள் எத்தனையோ. அவர் தோற்ற விதம் முழுவதும் அவருடைய குணத்திலிருந்தே வந்தது. ஒரு தொகையைக் கூட வெளியே விடாமல் முதலாளியின் பெட்டியைக் காத்த மனிதர் வேறு எவ்விதமாகத் தோற்பார்? நான் யந்திரத்தில் தேடியது இத்தகைய தவறைத்தான். காரணத்தோடு கூடிய தவறு. அதைப் பிடித்தால் அந்த மனிதரின் சிந்தனையையே பிடித்துவிட்டோம் என்று ஜயித்தவன் நிமிர்ந்து உட்காரத்தக்க தவறு.

இந்த விஷயத்தை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பூவனூர் ஞாபகம் வரும். திருவாரூர் மாவட்டத்தில், நீடாமங்கலத்துக்கு அருகில் உள்ள அந்தத் தலத்தில் எழுந்தருளியிருக்கும் ஈசனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று திருநாமம். சதுரங்கத்தில் எவரும் வெல்ல முடியாதவளாக வளர்ந்த ராஜகுமாரி ராஜராஜேஸ்வரியை, ஈசனே மானிட வேடம் பூண்டு வந்து, எதிரே அமர்ந்து ஆடி, வென்று மணந்தான் என்பது தலபுராணம். 2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நாற்பத்து நான்காவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது இந்தக் கோயிலின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. அப்போது பலரும் ஆட்டத்தின் பழமைக்கு ஒரு சான்றாகவே அதை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கதையில் மிகவும் அழகாகத் தோன்றுவது வேறு இடம். முக்காலமும் உணர்ந்தவனுக்கு ஒரு பெண்ணைச் சதுரங்கத்தில் வெல்வதில் என்ன சிரமம்? முதல் நகர்த்தலிலேயே முடிவை அறிந்தவன் அவன். ஆனால் அப்படி ஆடினால் அது ஆட்டமாகாது என்று கருதித்தான் போலும், அவன் மனித உடம்பில் வந்து, மனிதக் கண்ணால் பலகையைப் பார்த்து, மனிதக் கையால் காயை எடுத்தான். எல்லாம் அறிந்த ஒன்றை மனித அளவுக்குள் எப்படி இறக்கி அமரவைப்பது என்ற கேள்வியை, நம்முடைய புராணக்காரர் என்றைக்கோ எழுப்பியிருக்கிறார்.

இந்தக் காலத்து விஞ்ஞானிகள் அதற்குக் கண்ட விடைக்கு மாயா என்று பெயர். கார்னெல், டொரான்டோ சர்வகலாசாலைகளையும் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவையும் சேர்ந்த சிலர் 2020-இல் அதை வெளியிட்டார்கள். அவர்கள் செய்த காரியத்தின் விசேஷம் கேள்வியை மாற்றிக்கொண்டதில் இருக்கிறது. இந்த நிலையில் மிகச் சிறந்த நகர்த்தல் எது என்று இதுவரை எல்லோரும் யந்திரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த நிலையில் இன்ன தரத்து மனிதர் எதை நகர்த்துவார் என்று இவர்கள் கேட்டார்கள். லிசெஸ் என்ற இலவச இணைய அரங்கத்தில் சாதாரண ஜனங்கள் ஆடிய ஆட்டங்களைத் தரவாரியாகப் பிரித்து, 1100 புள்ளிக்காரர்களிலிருந்து 1900 புள்ளிக்காரர்கள் வரையில் ஒன்பது வகுப்புகளாக்கி, வகுப்பு ஒன்றுக்கு ஒரு கோடியே இருபது லட்சம் ஆட்டங்களைக் கொடுத்து, ஒன்பது மாயாக்களைப் பழக்கினார்கள். தன் வகுப்பைச் சேர்ந்த மனிதர் அடுத்தபடியாக எதை நகர்த்துவார் என்பதை மாயா நூற்றுக்கு ஐம்பதுக்குச் சற்று மேலாகவே சரியாகச் சொல்லிவிடுகிறது. பலம் குறைத்த ஸ்டாக்ஃபிஷ் இதில் வெகுதூரம் பின்தங்கி நிற்கிறது. எப்போதும் சரியாக ஆடுவது எப்படி என்பதைவிட, நாம் எப்படித் தவறுவோம் என்பதைக் கற்பது யந்திரத்துக்குக் கடினமாக இருந்திருக்கிறது என்பது யோசிக்கத்தக்கது.

பலகையைக் கணினியோடு இணைத்து, அதில் மாயாவை அமர்த்தினால், எதிர்ப்புறத்தில் வேறு விதமான காற்று வீசத் தொடங்குகிறது. இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மாயாவை முன்னோக்கித் தேட அனுமதிக்கக் கூடாது. எதிரே உள்ள ஒரே நிலையைப் பார்த்து, மனசில் முதலாவதாக உதிப்பதை ஆடும்படி நிறுத்திவைக்க வேண்டும். தேடவிட்டால் பலம் ஏறும், மனிதச் சாயல் மங்கும். இவ்விதம் அமைத்துக்கொண்டு நான் ஆடிய ஓர் ஆட்டத்தில், அதன் குதிரை ஒன்றை என் பிஷப் குறிவைத்துக் கட்டிப்போட்டிருந்தது; அந்தக் குதிரை நகர்ந்தால் பின்னால் நிற்கும் ராணி போய்விடும். வேறொரு மூலையில் நான் ஒரு சிப்பாயைத் தள்ளி அதன் பிஷப்பை விரட்டினேன். உடனே அது பிஷப்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. கட்டுண்ட குதிரையை மறந்தேபோயிற்று. நான் இன்னொரு சிப்பாயைக் கொண்டுபோய் அந்தக் குதிரையை வாங்கினேன். விரட்டப்பட்ட காயின்மேல் கண் போகும்போது கட்டப்பட்ட காய் மறந்துபோவது என்பது திண்ணையில் உட்கார்ந்து ஆடிய அத்தனை பேரும் செய்திருக்கிற பிழை. அதைக் கண்டதும், எதிரே வெற்று நாற்காலி இருந்தும், இதற்குக் காரணமான எண்ணம் இன்னது என்று என்னால் சொல்ல முடிந்தது.

ஆயினும் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், காய்கள் குறைந்து, எண்ணிக் கணக்கிட்டு ஆடவேண்டிய இடம் வந்ததும், முன்னோக்கிப் பார்க்காத மாயா தடுமாறும். கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் சொல்வது இன்னொரு குறை. எளிய நகர்த்தலுக்கும் ஒரே நேரம், உயிர்போகும் நகர்த்தலுக்கும் அதே நேரம். கணக்கப்பிள்ளை காயின்மேல் விரலை வைத்து, எடுத்து, வெற்றிலையை மடித்து, மறுபடியும் விரலை வைக்கும்போது, அங்கே ஏதோ ஆபத்து இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்; அந்தத் தயக்கமும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான். இவற்றையெல்லாம்விட ஆழமான குறை ஒன்று இருக்கிறது. 1100 புள்ளிக்காரர்களிடம் பயின்ற மாயா, 1100 புள்ளிக்காரரைவிடச் சற்று நன்றாகவே ஆடுகிறது. லட்சக்கணக்கானவர்களுள் பெரும்பான்மையினர் எதைத் தேர்ந்தெடுப்பார்களோ அதையே அது எடுப்பதால், தனித்தனி மனிதர்களின் விபரீதங்களும் பிடிவாதங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. எஞ்சி நிற்பது ஒரு மகாசபையின் நிதானம். நான் ஆடுவது மனிதர்களோடுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு மனிதரோடு அன்று. போலந்து நாட்டு நிரலாளர் ஒருவர் ஆக்கிய ரோடன்ட் என்ற நிரலில், தாக்குகிறவர், தற்காக்கிறவர், பழைய மாஸ்டர்களின் சாயலில் ஆடுகிறவர் என்று பல சுபாவங்களை ஏற்றிவைத்திருக்கிறார்கள், அவை சுவாரஸ்யமானவை, என்றாலும் அந்தச் சுபாவம் உள்ளிருந்து விளைந்ததாக எனக்குத் தோன்றவில்லை, வெளியே உடுத்திய வேஷமாகவே தோன்றுகிறது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காரைக்குடிப் பையன் பிரனேஷ், 2023 ஜனவரியில், ஸ்டாக்ஹோமில் நடந்த ரில்ட்டன் கோப்பையில் முதலிடம் பெற்று, 2500 புள்ளிகளைக் கடந்து, இந்தியாவின் 79-ஆவது கிராண்ட் மாஸ்டரானான். பதினாறு வயதில், எளிய குடும்பத்திலிருந்து, சென்னையின் ஆர். பி. ரமேஷிடம் பயிற்சி பெற்று அவன் அடைந்த அந்தப் பட்டம் இந்த ஊருக்கே கிடைத்த கௌரவம். அவனைப்போல் ஆக விரும்பும் பிள்ளைகளுக்கு, அகில உலகத்திலும் வலிமை மிக்க யந்திரமே ஆசானாக இருக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஆட்டத்துக்குப் பிறகு சரிபிழை பார்க்க ஒருவரும், ஆடுவதற்கு வேறொருவரும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பந்தயத்தில் எதிரே வந்து உட்காரப் போகிறவன் ஸ்டாக்ஃபிஷ் அன்று. பயமும் ஆசையும் உள்ள இன்னொரு பையன். அவன் எந்த இடத்தில் பதறுவான், எந்தக் காயைக் காட்டினால் ஆசைப்படுவான் என்பதைச் சென்னைக்குப் போய்த்தான் கற்கவேண்டும் என்றில்லாமல், சமமான தோழர்கள் கிடைக்காத சிற்றூர்ப் பிள்ளையும் வீட்டிலிருந்தே ஓரளவு பழகிக்கொள்ள மாயா போன்றவை உதவும். பெற்றோர்கள் பலகைக்குப் பணம் செலவிடுவதோடு நின்றுவிடாமல், அதில் யாரை உட்காரவைக்கிறோம் என்பதையும் கவனித்தால் நல்லது.

மாயாவைச் செய்தவர்கள் அதோடு நிற்கவில்லை. ஒரு தனி மனிதர் ஆடிய ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் கொடுத்து, அவரைப்போலவே தவறும் மாயாவைப் பழக்கலாம் என்றும் காட்டியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்குக் கணக்கப்பிள்ளையின் நினைவு வெகுவாக வந்து துன்புறுத்தியது. முப்பது வருஷம் அந்தத் திண்ணையில் ஆடிய மனிதருடைய ஆட்டம் ஒன்றுகூட எழுத்தில் இல்லை. ரூபாய் அணா பைசா தவறாமல் பேரேடு எழுதியவர், தம் சதுரங்கத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வைத்துவிட்டுப் போகவில்லை. அவர் மட்டுமா? செட்டிநாட்டுத் திண்ணைகளில் அரை நூற்றாண்டு நடந்த சதுரங்கம் முழுவதும் அப்படியே போய்விட்டது.

மின்னணுப் பலகை எதிராளியாக இருப்பதைத் தவிர, மிக நல்ல எழுத்தராகவும் இருக்கும் என்பதை அதன்பிறகே நான் பயன்படுத்திக்கொள்ளத் தொடங்கினேன். தேவகோட்டையிலிருந்து என் பால்ய சிநேகிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வருவார். அன்று யந்திரத்தின் யோசனையை அணைத்துவிட்டு, காய்கள் போகும் இடத்தைக் குறித்துக்கொள்ளும் வேலையை மட்டும் பலகைக்குக் கொடுத்துவிடுகிறேன். எங்கள் ஆட்டங்கள் ஒவ்வொன்றும் நகர்த்தல் பிசகாமல் பதிவாகிக் கணினியில் சேர்கின்றன. ஆயிரக்கணக்கில் சேர்வதற்கு எங்கள் ஆயுள் போதாது என்பது தெரியும். இருந்தாலும் உள்ளவற்றைப் பேரனுக்கு அனுப்பிவைக்கிறேன். அவன் சிங்கப்பூரில் அவற்றை ஒவ்வொரு நகர்த்தலாக ஆடிப் பார்த்துவிட்டு, போன வாரம் போன் செய்து, "ஐயா, தேவகோட்டை ஐயா குதிரையை ஏன் எப்பவும் ஓரத்துக்கே கொண்டுபோறாங்க? நடுவுல வச்சா நல்லாயிருக்குமே" என்று கேட்டான். எனக்கு அதன் காரணம் தெரியும். ஆனால் அவரே சொன்னால்தான் ருசியாக இருக்கும் என்று, வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரையும் போனில் பேசவைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.